கோயில் வாசலில் நின்ற பாலடின்

பொறை என்பது பட்ட அடியை மறந்திருத்தல் மட்டும் அன்று. பிறர்மேல் விழ இருக்கும் அடியைத் தன்மேல் வாங்கிக்கொண்டு, அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் நிற்பதே பொறையின் முழு வடிவம். வல்லவரை ஊர் அறியும். பொறையுடையாரை ஊர் அறிவதில்லை. அவர்கள் நிற்கும் இடம் பெரும்பாலும் வாசலுக்கு வெளியே. வலியசாலை அக்கிரகாரத்து நீலகண்டனும் அவ்வாறு வெளியே நிற்பவர்.

கிழக்கேகோட்டையில், பள்ளிகொண்ட பெருமானைச் சேவிக்க வருவோர் தம் பையையும் செருப்பையும் மொபைலையும் கொடுத்துவிட்டுப் போகும் குளோக்ரூம் ஒன்றில் அவருக்கு வேலை. கால்சட்டையோடு வந்த வெளியூர்க்காரருக்கு வேட்டி வாடகைக்குக் கொடுப்பதும், அவ்வேட்டி சந்நிதிவரை இடுப்பில் நிற்குமாறு கட்டிவிடுவதும் அவ்வேலையில் அடங்கும். வரிசையில் நின்று சலித்தவர்கள் தங்கள் கோபத்தை முதலில் இறக்கி வைப்பது அவர் மேசைமேல்தான். சட்டை ஏன் கூடாது, மொபைல் ஏன் கூடாது என்று அவரிடம் வழக்காடுவார்கள். "உள்ளே போய்ப் பெருமாள்கிட்டேயே கேட்டுடுங்கோ. பதில் சொன்னார்னா வெளியே வந்து எனக்கும் சொல்லுங்கோ" என்பார் நீலகண்டன். பலரும் சிரித்துவிட்டு மொபைலைக் கொடுத்துவிடுவார்கள்.

இத்தகையவர் ஓர் இணைய விளையாட்டில் பாலடின் என்னும் போர்வீரன் ஆனது எவ்வாறு என்பது அவருக்கே இன்றளவும் தெளிவாகவில்லை.

அவருக்கு ஒரே மகள் ஆர்யா. நெய்யாற்றின்கரைப் பக்கத்தைச் சேர்ந்த செல்வின் என்ற கிறிஸ்தவத் தமிழ் இளைஞனை அவள் பதிவு அலுவலகத்தில் மணந்துகொண்டாள். செய்தி வந்த அன்று நீலகண்டனின் தமையன் அனந்தநாராயணன் கூடத்தில் நின்று, "இனி அவள் இந்தாத்துப் பெண் இல்லை. கேட்டியோடா?" என்றார். அவர் சொன்னதை யாரும் மறுக்கவில்லை. ஊராரின் வசவையெல்லாம் நாள்தோறும் வாங்கிக்கொள்ளும் நீலகண்டன், அந்த ஓர் அடி மகள்மேல் விழும்போது மட்டும் குறுக்கே வரவில்லை. அன்றிலிருந்து தந்தைக்கும் மகளுக்கும் பேச்சு இல்லை.

அவள் விட்டுச்சென்ற பொருள்களுள் டேப் என்னும் தொடுதிரைக் கைக்கணினி ஒன்று இருந்தது. அதில் அவளுடைய பழைய படங்கள் ஏதேனும் இருக்குமோ என்று ஒருநாள் மதியம், நடை அடைத்துக் குளோக்ரூம் ஓய்ந்திருந்த வேளையில், நீலகண்டன் திறந்து பார்த்தார். படம் ஒன்றும் இல்லை. எதையோ தொட்டார், ஒரு கோட்டை வாசல் தோன்றியது. அங்கே பெரிய கேடயப் பலகை ஒன்றை ஏந்தி ஒருவன் நின்றான். அவன் தலைக்குமேல் 'குளோக்ரூம்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கல்லூரிக் காலத்தில் அப்பாவைக் கேலி செய்து அவள் வைத்த பெயர் அது. விரலை வைத்ததும் அவன் நடந்தான். நிறுத்தத் தெரியவில்லை. நடந்துகொண்டே போய் ஆற்றில் இறங்கி நீருக்கடியில் நின்றான். மூச்சு முட்டுமே என்று நீலகண்டன் பதறினார்.

மறுநாள் அதே ஆற்றின் கரைக்கு ஒரு வில்லாளி வந்தாள். ஆர்யா தன் பெயரில் விளையாடும் வடிவம் அது. தான் கைவிட்ட வீரனின் பெயர் மீண்டும் ஒளிர்வதை அவள் கண்டுவிட்டாள். திரையின் அடியில் எழுத்துத் தோன்றியது: 'யாரு? அம்மாவா?'

நீலகண்டன் நெடுநேரம் யோசித்து, 'நோ' என்று எழுதினார்.

வில்லாளி அசையாமல் நின்றாள். பிறகு, 'வலது பக்கம் உள்ள பட்டனை அமுக்கினால் குதிக்கலாம். கரையேறுங்கோ' என்று எழுதினாள்.

அவ்வளவுதான். வீட்டைப் பற்றி அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆயினும் மறுநாளும் டேப்பைத் திறந்தார். அதற்கு மறுநாளும் திறந்தார்.

பாலடின் யார் என்று வரையறுப்பது எளிதன்று. அவன் அறத்தின்பொருட்டு வாளெடுத்தவன் என்கிறார்கள். போர்மறவனாயின் தும்பை சூடிக் களம் புகுந்தான் எனலாம். ஆனால் அவன் கையில் புண் ஆற்றும் ஒளியும் இருக்கிறது. அடியார் எனலாமோ என்றால் இடையில் வாள் தொங்குகிறது. மருத்துவன் என்றால் அவனே முதலில் காயப்படுகிறான். பழைய திணை ஏதொன்றிலும் அவன் முழுதாக அடங்குவதில்லை. நீலகண்டனுக்கு இக்குழப்பம் மிகுதி. காவல், மருத்துவம், தண்டனை என மூன்று வழிகளைக் காட்டி, ஒன்றைத் தேர்ந்தெடு என்றது விளையாட்டு. தமக்குத் தெரிந்த தொழில் ஒன்றே என்று அவர் காவலைத் தொட்டார்.

காவல் பூண்ட பாலடினுக்கு லெவல் ஏறுவது கடினம். அவன் வாள் மெல்ல வெட்டும். ஒரு காட்டுப்பன்றியை வீழ்த்த அரை மதியம் கழியும். நீலகண்டனோ அதை இன்னும் கடினமாக்கிக்கொண்டார். ஏகாதசியன்று அவருடைய பாலடின் உயிர்க்கொலை செய்வதில்லை. அன்று அவன் ஊர்வாசலில் நின்று, போவோர் வருவோருக்கெல்லாம் ஒளியால் காயம் ஆற்றுவான். முன்பின் அறியாதவர்கள், வயதும் அறியாமல், 'தாங்க்ஸ் ப்ரோ' என்று எழுதிவிட்டு ஓடுவார்கள். அதற்கும் சிறு புண்ணியம் உண்டு. லெவல் மயிரிழை ஏறும். அடிபட்ட வீரன் உயிர் ஏற்றிக்கொள்ள அவ்வுலகில் உணவு உண்ணவேண்டும். நல்ல உணவு பன்றி இறைச்சி. அவரோ ஆப்பிளன்றி வேறு உண்பதில்லை.

இதற்குள் ஆர்யாவோடு செல்வினும் அவன் தங்கை ஜெஸ்லினும் சேர்ந்து நால்வர் குழுவாகிவிட்டிருந்தனர். மற்ற மூவரும் விளையாடும்போது வாயால் பேசிக்கொள்வார்கள். அது நீலகண்டனின் டேப்பிலும் கேட்கும். அவர் மட்டும் தமிழை ஆங்கில எழுத்துகளில் அடித்து விடை சொல்வார்.

"அங்கிள், அந்தப் பன்னி எறச்சிய ஒருக்கா தின்னுங்க. செத்துருவிய!" என்று கூவுவாள் ஜெஸ்லின். அவள் ஒரு மருத்துவமனையில் நர்ஸ்; யாரும் சாவதை விளையாட்டிலும் பொறுக்கமாட்டாள்.

'ஆப்பிள் போதும்' என்று எழுதுவார்.

"ஆப்பிள் தின்னு எந்தப் பட்டாளக்காரன் சண்டைக்குப் போனான்?" என்பான் செல்வின். "நம்ம குளோக்ரூம் மாமா எழும்பி வரதுக்குள்ள அந்த அரக்கனுக்குப் பென்ஷன் ஆயிரும்."

"சும்மா இரு. அவர் நின்னாத்தான் நாம உயிரோட இருக்கோம்" என்பாள் ஆர்யா.

அந்தக் குரலைக் கேட்கவே நீலகண்டன் ஒவ்வொரு லெவலாக ஏறினார். வேலை இல்லாத நாள்களில் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து ஆடுவார். அவர் மனைவி ராஜஸ்ரீ அவ்வேளைகளில் கீரையை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்துவிடுவாள். மகள் பேசி முடியும்வரை ஒரு கட்டுக் கீரை ஆய்ந்து முடியாது.

இப்படியிருக்க, பாலடினின் வழியில் ஒரு கோயில் குறுக்கிட்டது. ஒளிக்கோயில் என்பது அதன் பெயர். குறித்த லெவலை எட்டிய பாலடின் அதனுள் புகுந்து, பீடத்தில் வாளைச் சாத்திச் சபதம் ஏற்கவேண்டும். ஏற்றால்தான் அடுத்த நாட்டுக்குள் போகலாம். ஏற்காதவனை எல்லைக்கதவு விடாது. மற்ற மூவருக்கும் அந்த விதி இல்லை; ஆனால் எல்லைக்கதவுக்கு வழி கோயிலுக்குள்ளேதான். அக்கோயிலோ திருவிழாப் பருவத்தில் மட்டும் திறந்திருக்கும். இப்போது திறந்திருந்தது; அடுத்த வாரத்து ஞாயிறு மாலையோடு மூடிவிடும். அதற்குள் குழு எல்லை தாண்டிப் போய்விடும். நீலகண்டன் பின்தங்கினால், அவர்கள் இருக்கும் நாட்டின் குரல் அவர் நாட்டுக்குக் கேட்காது. இருந்த ஒரே வழியும் அடைபடும்.

அவர் அந்த லெவலை எட்டிய வாரத்தில், வெள்ளிக்கிழமை காலை, அனந்தநாராயணன் காலமானார்.

உடன்பிறந்தவர், பத்து நாள் தீட்டு. கோயிலுக்குள் உடுத்திச்செல்லும் வேட்டிகளைத் தொடலாகாது என்று நீலகண்டன் குளோக்ரூமில் விடுப்புச் சொன்னார். உறவினர் கூடியபோது, ஆர்யாவுக்குச் சொல்லவேண்டுமா என்ற பேச்சு எழுந்தது. "போனவளுக்கு ஸ்நானமும் இல்லை, தீட்டும் இல்லை" என்றாள் ஓர் அத்தை. அப்போதும் நீலகண்டன் வாய் திறக்கவில்லை.

தீட்டுக் கழியுமுன் ஒளிக்கோயில் மூடிவிடும் என்பது அன்று பிற்பகல்தான் அவருக்கு உறைத்தது. தீட்டுள்ளவன் கோயிலுக்குள் புகலாகாது. ஆனால் புகப்போவது யார்? பலகை ஏந்தி நிற்பவனுக்கு அனந்தநாராயணன் தமையன் அல்லர். அவனை நடத்தும் விரலுக்கோ அவர் தமையன். அப்படியானால் தீட்டு விரலோடு நிற்குமா, வீரன்வரை செல்லுமா? பொறுக்கமாட்டாமல், சடங்கு நடத்த வந்த வாத்தியாரிடம் தனியே கேட்டார்.

"எந்தக் கோயில்?" என்றார் வாத்தியார்.

"இந்த டேப்பிலே இருக்கறது."

"மூர்த்தி யார்?"

"மூர்த்தி இல்லை. வெளிச்சம் மாத்திரம்."

"பிரதிஷ்டை ஆயிருக்கோ?"

"அது தெரியலை. ஆனா உள்ளே போனா மணி அடிக்கும்."

வாத்தியார் கையிலிருந்த தர்ப்பையைக் கீழே வைத்தார். "நீலகண்டா, எனக்கு ஒண்ணும் மனசிலாகலை. உனக்குச் சந்தேகம் வந்துட்டோல்லியோ? அப்போ போகாதே. அவ்வளவுதான் என்னாலே சொல்ல முடியும்" என்றார்.

ராஜஸ்ரீயிடம் கேட்டார். அவள், "போன தீட்டிலே டிவியிலே பெருமாளோட ஆராட்டு உற்சவம் பார்த்தேளே? அதுக்கு என்ன கணக்கு?" என்றாள்.

"அது பாக்கறது. இது போறது."

"கூடத்தை விட்டு நகராம எங்கே போறேளாம்?"

நாள்கள் சென்றன. தீட்டின் ஒன்பதாம் நாள், சனிக்கிழமை பிற்பகல் குழு ஒளிக்கோயிலுக்குப் புறப்பட்டது. அவரும் உடன் நடந்தார். வழியில் வந்த பூதங்களின் அடியெல்லாம் வாங்கிக்கொண்டு, வழக்கம்போல் மூவரையும் வாசல்வரை பழுதின்றிச் சேர்த்தார். வாசற்படியருகே பாலடின் நின்றுவிட்டான்.

"எதுக்கு மாமா அங்கனயே நிக்கிறிய? நெட்டு போயிட்டா?" என்றான் செல்வின்.

'உள்ளே வர முடியாது' என்று எழுதினார்.

"லெவல் ஆயாச்சல்லோ! பின்ன எந்தா?" என்றாள் ஜெஸ்லின்.

'தீட்டு.'

"தீட்டா? அது எந்த பூதம் தந்த சாபம்? எங்கிட்ட மருந்து உண்டு அங்கிள், அடிச்சு விடட்டா?"

செல்வின் சிரித்தான். ஆர்யா சிரிக்கவில்லை. அவளுடைய வில்லாளி படியிலிருந்து இறங்கிப் பாலடினின் முன் வந்து நின்றாள்.

"யாரு?" என்றாள்.

நீலகண்டன் எழுதத் தொடங்கி அழித்தார். மீண்டும் எழுதி மீண்டும் அழித்தார். பெரியப்பா என்ற சொல்லை அந்த ஆங்கில எழுத்துகளில் அடிக்க அவர் விரல் ஒப்பவில்லை. அதுவரை ஒருநாளும் தொடாத ஒலிவாங்கிப் பொத்தானைத் தொட்டார்.

"பெரியப்பா" என்றார்.

செல்வின் மெல்ல, "ஆண்டவரே" என்றான்.

"எப்போப்பா?"

"போன வெள்ளிக்கிழமை. தூக்கத்திலேயே."

"என்கிட்டே யாரும் சொல்லலியே."

நீலகண்டன் டேப்பை இன்னும் அருகே இழுத்துக்கொண்டார். பிறகு ஆர்யா கேட்டாள்: "அப்பா, அப்போ எனக்கு? எனக்குத் தீட்டு உண்டா, இல்லையா? ஒண்ணு சொல்லுங்கோ. தெரிஞ்சுக்கணும்."

அவள் கேட்டது நாள்கணக்கு அன்று என்பது நீலகண்டனுக்கு விளங்கிற்று. உண்டு என்றால் அவள் இந்த வீட்டுப் பெண். இல்லை என்றால் அத்தை சொன்னதே முடிவு. விதியை அவர் அறிவார்: கட்டிக்கொடுத்த பெண்ணுக்குத் தீட்டுச் சுருங்குமேயன்றி இல்லாமற் போகாது, காலம் கடந்து செய்தி கேட்டால் ஒரு ஸ்நானத்தோடு தீரும். ஆனால் இவளைக் கட்டிக்கொடுத்தது யார்? கொடுத்த பெண்ணுக்கு விதி உண்டு. கொடாத பெண்ணுக்கும் உண்டு. தானே எழுந்து போனவளுக்கு என்ன விதி? அவருக்குத் தலை சுற்றியது. தமையன் இருந்திருந்தால் கேட்கலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. தமையன் இல்லாமையால் அல்லவா இந்தக் கேள்வியே வந்தது!

கீரை ஆய்ந்துகொண்டிருந்த ராஜஸ்ரீ தட்டைக் கீழே வைத்தாள்.

"அவளைக் குளிக்கச் சொல்லுங்கோ" என்றாள்.

"என்ன?"

"செய்தி கேட்டாச்சோல்லியோ? இனி அப்படியே நிக்கவேண்டாம். தலையோட குளிக்கச் சொல்லுங்கோ."

அவள் குரல் ஒலிவாங்கியில் புகுந்து மறுபுறம் சென்றுவிட்டிருந்தது. "அம்மா..." என்றாள் ஆர்யா.

நீலகண்டன், "உனக்கு உண்டு. கட்டிக்குடுத்த பெண்ணுக்கு என்ன உண்டோ அது உண்டு. ஸ்நானம் பண்ணிட்டு வா" என்றார்.

"கட்டிக்குடுத்தேளாப்பா?" அழுகைக்கு நடுவே கேலியும் இருந்தது அக்குரலில்.

"இப்போ குடுத்தாச்சு."

பிறகு செல்வின், அதுவரை இல்லாத பணிவோடு, "மாமா, அப்போ நானும் குளிக்கணுமா?" என்றான்.

நீலகண்டன் மனைவியைப் பார்த்தார். ராஜஸ்ரீ, "மாப்பிள்ளைக்கும் ஒரு முழுக்குப் போட்டா தோஷமில்லை" என்றாள்.

"அப்போ நானு?" என்றாள் ஜெஸ்லின். "நான் டியூட்டி முடிஞ்சு வந்து இப்பதான் குளிச்சேன்."

"உனக்கு வேண்டாம்மா. நீ இருந்து ஆப்பிள் சாப்பிடு" என்றார் நீலகண்டன். ராஜஸ்ரீ சிரித்துவிட்டாள்; இறப்பு நிகழ்ந்த பிறகு அவ்வீட்டில் எழுந்த முதற்சிரிப்பு அது.

குளித்து வந்த ஆர்யா, பாலடின் இல்லாமல் உள்ளே போகமாட்டேன் என்று பிடிவாதம் செய்தாள். "பிரயோஜனம் இல்லை, போங்கோ" என்றார் நீலகண்டன். "உங்க சாமானெல்லாம் நான் பாத்துக்கறேன்."

"சபதம் எடுக்கலேன்னா அடுத்த திருவிழாவரை நீங்க இந்த வாசல்லேயே நிக்கணும், அப்பா. எங்க குரல்கூடக் கேட்காது."

"நின்னு பழக்கந்தானே. குரலுக்கு என்ன? பதிமூணாம் நாள் சுபத்துக்கு ரெண்டு பேரும் ஆத்துக்கு வாங்கோ. அங்கே கேட்டுக்கறேன்."

மூவரும் படியேறினர். மணி ஒலித்தது. பலகை ஏந்தியவன் புறங்காட்டாமல் வாசலில் நின்றான். மறுநாள் மாலை அக்கதவு மூடியது. அவன் லெவல் அப்படியே நின்றது.

சுபத்தன்று ஆர்யாவும் செல்வினும் வந்தார்கள். பந்தியில் இலை போடும் வேளையில் அத்தை, "யாரைக் கேட்டு அழைச்சே?" என்றாள் நீலகண்டனிடம், கூடம் கேட்க.

"என்னைக் கேட்டு" என்றார் அவர். "ஏதாவது சொல்லணும்னா என்கிட்டேயே சொல்லுங்கோ, அத்தை. அவ சாப்பிடட்டும்."

அத்தை நிறையச் சொன்னாள். நீலகண்டன் எல்லாவற்றையும் நின்று கேட்டுக்கொண்டார். அதற்குள் ஆர்யாவின் இலையில் பாயசம் விழுந்து, அவள் உண்டும் முடித்துவிட்டாள்.

மறுநாள், தீட்டுக் கழிந்தபின் முதன்முறையாக, நீலகண்டன் மனைவியோடும் மகளோடும் பெருமாளைச் சேவிக்கப் போனார். கிறிஸ்தவனான செல்வினுக்கு உள்ளே அனுமதி இல்லை. அதைச் சொல்லத் தயங்கி நீலகண்டன் தடுமாறுவதைக் கண்டு, அவனே குளோக்ரூம் மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான். "நீங்க போயிட்டு வாங்க மாமா. சாமானெல்லாம் நான் நோக்கிக்கிடுதேன்" என்றான். அவர்கள் திரும்பி வந்தபோது, மொபைலை ஏன் வாங்குகிறாய் என்று ஒரு வெளியூர்க்காரர் அவனிடம் உரக்க வழக்காடிக்கொண்டிருந்தார். செல்வின் கைகட்டிப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். நீலகண்டன் தூணருகே நின்று, குறுக்கே போகாமல், அதைச் சற்று நேரம் பார்த்தார்.

பாலடினுக்குத் தீட்டு உண்டோ இல்லையோ என்பது இன்றும் அவருக்குத் தெரியாது. வாத்தியாரும் பார்க்கும்போதெல்லாம், "அந்த வெளிச்சக் கோயில் விஷயம் என்னவாச்சு?" என்று கேட்கிறார். கேட்டுவிட்டு, விடைக்கு நில்லாமல் நடக்கிறார். டேப்பில் அந்த மறவன் மூடிய கதவின் முன் அடுத்த திருவிழாவை நோக்கி நிற்கிறான். ஏகாதசிதோறும் அவ்வழி போவோருக்குக் காயம் ஆற்றுகிறான்.

அரவணைமேல் அறிதுயில் கொண்டவன் அந்த மனையைக் கண்திறந்து நோக்குக. அங்கே ஏற்றிய விளக்கு காற்றுக்கு அசையினும் அணையாதிருக்க. ஆய்ந்த கீரை குறையாதிருக்க. அதை ஆய்ந்தவள் கேட்கவிரும்பும் குரல் கூடத்தில் நாளும் ஒலிக்க. மகளும் மருகனும் அவர்வழித் தோன்றும் மக்களும், உள்ளே இருப்பினும் வெளியே நிற்பினும், ஒரே வீட்டாராய் நெடிது வாழ்க.